கொழும்பில் "கட்டில் வாடகைக்கு" என்றால் என்ன? அதில் யார் யார் படுக்கிறார்கள்?

"திருகோணமலையிலிருந்து தம்பி வேலைக்குக் கொழும்பு போகிறான். அறை தேடிப் போன் எடுத்தால் 'அறை இல்லை, ஒரு கட்டில் இருக்கு' என்கிறார்கள். கட்டிலை மட்டும் எப்படி வாடகைக்கு எடுப்பது? அப்படி எடுத்துப் படுக்கிற ஆட்கள் யார்? அம்மா பயப்படுகிறா" என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்.

பயப்பட ஒன்றும் இல்லை, தங்கச்சி. வெளியூரிலிருந்து வந்து கொழும்பில் காலூன்றிய யாரையும் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு கட்டிலைப் பிடித்திருப்பார்கள், அறை பிறகு, வீடு அதற்கும் பிறகு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கம் ஓர் அறைக்குள் மூன்று நான்கு கட்டில் போட்டு, கட்டிலுக்கு இவ்வளவு என்று மாத வாடகை வாங்குவார்கள். இதைத்தான் போர்டிங் என்பது. குளியலறை எல்லாருக்கும் பொது. அலுமாரியில் ஒரு தட்டு கிடைக்கும். அந்தக் காசுக்கு உங்கள் தம்பிக்குச் சொந்தமாவது ஆறடிக்கு மூன்றடிப் பலகை, அதன் மேல் ஒரு மெத்தை, அதன் கீழே இருக்கும் இடம், தலைமாட்டுச் சுவரில் ஓர் ஆணி. இதில் மெத்தையை விடப் பெறுமதியானது கட்டிலின் கீழ் இடம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டுத் தொழில் கட்டில் பின்னுவதும் மெத்தை அடைப்பதும். அப்பா காலத்தில் பிரம்பு, என் காலத்தில் இரும்புப் பைப்பும் ஸ்பொஞ்சும். போர்டிங், லொட்ஜ், கடை மேல்மாடி என்று கட்டில் இறக்கவும் ஏற்றவும் திருத்தவும் போய்வந்ததில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கட்டிலைப் பற்றி. வட இந்தியாவில் இருக்கிற கயிற்றுக் கட்டில் கொழும்பில் ஊன்றவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் வந்த மொரோக்கோப் பயணி இப்னு பத்தூத்தா, இந்தியாவில் பயணம் போகிறவர்கள் தங்கள் கட்டிலையும் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள், ஒரே ஆள் தூக்கிவிடக்கூடிய பாரம்தான் என்று எழுதியிருக்கிறார். அவர் 1344இல் இலங்கைக்கு வந்து, பாவாதமலை என்னும் சிவனொளிபாத மலை ஏறி, கொழும்பையும் பார்த்துவிட்டுப் போனவர். இங்கே அப்படித் தூக்கித் திரியும் கட்டில் பழக்கம் இல்லை. ஏழைக்குப் பாய், வசதியானவருக்குப் பிரம்புக் கட்டில். கொழும்பை 1656இல் பிடித்து 1796 வரை வைத்திருந்த ஒல்லாந்தர் காலத்துத் தளபாடங்களில் பிரம்புப் பின்னல் நிறைய உண்டு. புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் இருக்கும் ஒல்லாந்தர் கால நூதனசாலைக்குப் போனால் அந்தக் காலத்துத் தளபாடங்களைப் பார்க்கலாம்.

பிரம்புக் கட்டில் கொழும்புக் காற்றுக்கென்றே செய்தது மாதிரி. சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டு, ஊறவைத்த பிரம்பு நாரை நெடுக்கும் குறுக்கும் மூலைக்கு மூலையும் இழுத்துப் பின்னி, துளையில் சின்ன முளை அடித்து இறுக்குவார்கள். காயக் காய நார் தானாகவே இறுகும். மெத்தை தேவையில்லை. கீழேயிருந்து காற்று வரும், வியர்வை தங்காது. ஏப்ரல் மாத இரவில் கடற்காற்று நின்றுபோன கொழும்பில் படுத்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். பிறகு ஏன் இல்லாமல் போனது? பின்ன ஆள் இல்லை, பிரம்பு விலை ஏறிவிட்டது என்பது ஒரு பக்கம். மூட்டைப்பூச்சி இன்னொரு பக்கம். பிரம்பின் ஒவ்வொரு துளையும் அதற்கு ஒரு வீடு. கட்டிலை முற்றத்தில் போட்டு வெயில் காயவைத்து, கொதிநீர் ஊற்றி, ஒரு பக்கத்தைத் தூக்கித் தரையில் குத்துவார்கள். பொலபொலவென்று கொட்டும். மாதக் கணக்கில் இரத்தம் குடிக்காமலே உயிர் வைத்திருக்கக்கூடிய பூச்சி அது. பழைய கட்டிலை வாங்கி வந்து மூன்று மாதம் சும்மா போட்டு வைத்தால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

இப்போது கடையில் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று மொரட்டுவையிலிருந்து வரும் மரக் கட்டில். தேக்கும் பலாவும் மகோகனியும் வசதி உள்ளவர்களுக்கு, பதப்படுத்திய இறப்பர் மரம் மற்றவர்களுக்கு. மற்றது இரும்புப் பைப்பில் பற்றவைத்த கட்டில். அதில் மேலும் கீழுமாக இரண்டு தட்டு வைத்த அடுக்குக் கட்டில்தான் போர்டிங்காரர்களுக்குப் பிடித்தது. ஒரே தரையில் இரண்டு வாடகை.

இனி ஆட்கள். உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

போர்டிங் கட்டிலில் யார் படுக்கிறார்கள் என்று கேட்டால், யார் எந்த நேரத்தில் படுக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். கொழும்பில் ஒரு கட்டிலுக்கு ஓர் ஆள் என்பது வசதியானவர்கள் கணக்கு. சாப்பாட்டுக் கடையில் கொத்து போடுகிற பையன் இரவு ஒரு மணிக்கு வந்து விழுவான். அவன் எழும்பிப் போகும் நேரத்தில், இரவு முழுக்க ஏதோ ஒரு கட்டட வாசலில் சீருடையோடு உட்கார்ந்திருந்த காவலாளி வந்து அதே மெத்தையில் சாய்வார். விரிப்பு வேறு, தலையணை வேறு, கட்டில் ஒன்று. இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே வாசற்படியில்தான். வாடகை ஆளுக்குப் பாதி. இதை வீட்டுக்காரர் சிலர் வெளிப்படையாகச் சொல்வார்கள், சிலர் சொல்லமாட்டார்கள்.

இந்த ஏற்பாடு உடைந்துபோனதை 2020இல் பார்த்தோம். மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்கள். கொழும்பு மாவட்டத்தில் மே 26 வரை அது தளர்த்தப்படவில்லை. பகல் ஆளும் இரவு ஆளும் ஒரே நேரத்தில் ஒரே அறைக்குள். நாலு கட்டில் போட்ட அறையில் ஏழு பேர் என்றால், மூன்று பேருக்குத் தரைதான், அதற்கும் தரையில் இடம் வேண்டுமே! கட்டில்களைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டு எல்லாரும் பாயில் படுத்த அறைகள் உண்டு. அதே வருடம் ஒக்டோபரில் இரண்டாவது அலை வந்தபோது கொழும்பில் முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டல், கிராண்ட்பாஸ் பக்கங்கள் முதலில் பூட்டப்பட்டன. "வீட்டுக்குள்ளே ஆளுக்கு ஆள் மூன்றடி தள்ளி இருங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். கட்டிலின் அகலமே மூன்றடி.

போர்டிங்குக்கு முந்திய காலம் ஒன்று உண்டு. செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பெரிய மண்டபம், ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, ஒரு பாய். பகலில் பெட்டியின் பின்னால் உட்கார்ந்தால் அது அலுவலகம், இரவில் பெட்டிப் பக்கத்தில் பாயை விரித்தால் அது படுக்கையறை. இலங்கையின் தோட்டங்களுக்கும் வியாபாரங்களுக்கும் கடன் கொடுத்தவர்கள் கட்டில் இல்லாமல் தரையில் படுத்தவர்கள். இன்றைக்கு அதே தெருவில் நகைக்கடைகள். மேல்மாடியில் பட்டறை. மலையகத்திலிருந்து வந்த பிள்ளைகள் கடை பூட்டிய பிறகு மேசைகளுக்கு நடுவில் பாய் விரிக்கிறார்கள், சிலர் மேசை மேலேயே படுக்கிறார்கள். முரசு வைக்கும் கட்டிலில் அறியாமல் ஏறித் தூங்கிய மோசிகீரனாருக்குச் சேர மன்னன் கவரி வீசினான் என்று படித்திருப்பீர்கள். பட்டறை மேசையில் தூங்கிப்போன பையனுக்கு முதலாளி என்ன வீசுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு இது புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் அம்மா, அப்பா, தாத்தா, தங்கச்சி எல்லாரோடும் வளர்ந்தவன். அங்கே கட்டில் இருந்தால் அதில் படுப்பது வயதானவர் அல்லது கைக்குழந்தைக்காரி. அதனால்தான் கொழும்பில் முதல் சம்பளத்தில் அவன் வாங்கும் பொருள்களில் ஒரு நல்ல விரிப்பும் தலையணை உறையும் இருக்கும். போனுக்கு அடுத்தபடி அதுதான். கடைக்காரராகச் சொல்கிறேன், பூப்போட்டதைத்தான் எடுப்பார்கள்.

புறக்கோட்டை நாட்டாமிமாரைக் கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது. மூட்டை தூக்கி, கைவண்டி இழுக்கிறவர்கள். பகலில் வேலை இல்லாத இடைவெளியில் அந்த வண்டியிலேயே காலை மடக்கிப் படுத்துக்கொள்வார்கள். பிரதான வீதியின் இரைச்சலுக்கு நடுவில், லொறி ஹோன் அடிக்கும்போது, வாய் திறந்து தூங்குகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு, அந்த மனிதர் காலை எத்தனை மணிக்கு எழும்பினார் என்று தெரியாது. மெனிங் சந்தை புறக்கோட்டையில் இருந்தவரை மரக்கறி லொறிகள் நடுச்சாமத்தில் வந்து இறங்கும். 2020 கடைசியில் சந்தையைப் பேலியகொடைக்கு மாற்றினார்கள். கட்டடம் நல்லது. ஆனால் பழைய சந்தையைச் சுற்றி மூட்டை மேலும் வண்டி மேலும் படுத்து வாழ்ந்த ஒரு கூட்டம் இடம் பெயர்ந்த கதையை யாரும் எழுதவில்லை.

லொட்ஜ் கட்டில் வேறு சாதி. அதில் படுப்பவர் வேலைக்கு வந்தவராக இருக்கமாட்டார், காத்திருக்க வந்தவராக இருப்பார். யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வந்தவர்களால் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை லொட்ஜுகள் நிறைந்திருந்தன. ஓர் அறையில் நாலு கட்டில் என்றால் நாலு காரணம். ஒருவர் கடவுச்சீட்டுக்கு. ஒருத்தி கனடாவில் இருக்கும் மாப்பிள்ளையிடம் போக விசாவுக்கு, கூடவே துணைக்குத் தாய். ஒரு தகப்பன் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சைக்கு. இன்னொரு தகப்பன் பிடிபட்ட மகனின் வழக்குத் தவணைக்கு. கொழும்பில் தங்குவதைப் பொலிஸில் பதிந்த துண்டு தலையணைக்குக் கீழே இருக்கும். இரவில் கதவு தட்டினால் முதலில் கை போவது அங்கேதான்.

2006 ஆகஸ்ட்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை பூட்டப்பட்ட பிறகு, கப்பலிலோ விமானத்திலோ வந்தவர்களுக்குத் திரும்பிப் போவதும் இலேசாக இருக்கவில்லை. ஒரு வாரத்துக்கு என்று எடுத்த கட்டில் மாதங்களுக்கு நீண்டது. இந்த நிலையில்தான் 2007 ஜூன் 7 விடியற்காலையில் லொட்ஜுகளைச் சுற்றி வளைத்து 376 தமிழரை எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். கொழும்பில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பி வந்தார்கள். ஆனால் அன்றைக்கு லொட்ஜ் நடத்தியவர்களிடம் கேட்டால், விரிப்பு மடிக்காத கட்டில்களும் அவற்றின் கீழே அப்படியே கிடந்த பைகளும்தான் முதலில் வாய்க்கு வரும். காரணம் இல்லாமல் யாராவது மூட்டைப்பூச்சிக் கட்டிலில் மாதக் கணக்கில் படுப்பானா என்று அன்று ஒரு லொட்ஜ்காரர் என்னிடம் கேட்டார். எனக்கு இன்றைக்கும் அதற்கு மேல் ஒரு வாதம் தெரியாது.

அதற்கும் முன்னால் 1983 ஜூலை இருக்கிறது. வீடு எரிந்தவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமானத் தளத்திலும் தரையில் படுத்தார்கள். பிரம்புக் கட்டிலும் நாலு கால் தேக்குக் கட்டிலும் வைத்திருந்த குடும்பங்கள்தான் அவை. அங்கே டொக்டரும் கணக்காளரும் கடைச் சிப்பந்தியும் ஒரே சீமெந்தில். அப்பா அந்த வருடத்துக்குப் பிறகு கொஞ்சக் காலம் கட்டில் விற்கவில்லை, மடக்குகிற கன்வஸ் கட்டில்தான் விற்றது என்பார். தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று ஆட்கள் கேட்டு வாங்கினார்களாம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வருகிறேன். கொழும்பு தேசிய வைத்தியசாலை 1864இல் தொடங்கியது. இன்று 3,000க்கும் மேற்பட்ட கட்டில்கள். டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை 1879இலிருந்து, லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை 1895இலிருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்பத்திரிகள் மரக் கட்டிலை விட்டு இரும்புக்கு மாறியதற்குக் காரணம் எங்கள் பழைய எதிரியான அதே பூச்சியும் அழுக்கும்தான். இரும்பைக் கழுவலாம், மருந்து ஊற்றித் துடைக்கலாம், ஒளிய இடுக்கு குறைவு. வெள்ளை எனாமல் பூசிய அந்தக் கட்டிலில் ஒரு காலத்தில் கொழும்பில் பிறந்தவர்களும் இறந்தவர்களும் பாதிப்பேராவது ஒரு நாள் படுத்திருப்பார்கள்.

காசில்லாமல் கிடைக்கும் கட்டில் அது. அதனால் போதாது. வார்டு நிரம்பினால் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு ஒரு நோயாளி, இரண்டு கட்டிலுக்கு நடுவில் இன்னொருவர். 2017இல் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு வந்தபோது, ஒரே கட்டிலில் தலைமாட்டில் ஒரு பிள்ளையும் கால்மாட்டில் ஒரு பிள்ளையுமாகப் பார்த்தோம். மேலே நுளம்பு வலை. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது என்பதால் பகலிலும் வலைக்குள்ளே கிடக்க வேண்டும். வார்டில் ஒரு வழக்கம் உண்டு. கட்டில்காரருக்கு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிவிட்டார்கள் என்றால், தாதி வந்து சொல்வதற்கு முன்னமே தரையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அவர் தன் பிளாஸ்டிக் பையைத் தூக்கி மேலே வைத்துவிடுவார். இதில் சிங்களவர் தமிழர் முஸ்லிம் என்று ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர் கொண்டுவந்த சோற்றுப் பார்சலில் பாதி, மொழி தெரியாத நம் ஆளுக்கு வரும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹட்டனிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வந்த வயதானவர் என்ன நோவு என்று டொக்டரிடம் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும் அதே கட்டிலில்தான். பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் காக்கா வாய்த்தால் அவர் பிழைத்தார். கொழும்பு வார்டுகளில் மொழிபெயர்ப்பாளர் வேலையைச் சம்பளமில்லாமல் செய்தவர்கள் அவர்கள்தான்.

வெள்ளவத்தை மாடி வீடுகளில் இப்போது இன்னொரு வகை ஆஸ்பத்திரிக் கட்டில் ஏறுகிறது. பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்டோவிலும். அம்மா விழுந்து இடுப்பு முறிந்தால், தலைப்பக்கம் உயர்த்தும் கைபிடி வைத்த கட்டிலை மாத வாடகைக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். பார்த்துக்கொள்ள மலையகத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து கட்டிலடியில் பாயில் படுக்கும். இரவில் ஐந்து தடவை எழும்பும். வயதானவரை விடக் குறைவாகத் தூங்குவது அந்தப் பிள்ளைதான். வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று அறை உள்ள வீட்டில் அவளுக்குக் குசினித் தரையையோ மாடிப்படியின் கீழ் மூலையையோ காட்டுகிறீர்கள் என்றால், இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். மடக்குக் கட்டில் ஒன்று அலுமாரிக்குப் பின்னால் நிற்கும்.

ஆளில்லாமல் சும்மா கிடக்கும் கட்டில்களும் கொழும்பில் உண்டு, அவை எனக்குப் பிடித்தவை. பௌர்ணமிப் போயா தினத்தில் சில் எடுக்கும் சிங்கள அம்மா எட்டுச் சீலத்தில் ஒன்றாக உயர்ந்த, சொகுசான படுக்கையை விடுவார். தேக்குக் கட்டில் இருக்க அவர் தரையில் பாய் விரிப்பார். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட நம் பையன்கள் 41 நாள் தரையில். போர்டிங்கில் அந்த நாட்களில் மேல்தட்டு வெறுமையாகத் தெரியும். நோன்பின் கடைசிப் பத்தில் பள்ளிவாசலில் இஃதிகாப் இருக்கும் ஹாஜியார் வீட்டுக் கட்டிலிலும் ஆள் இல்லை. ஒரே ஒழுங்கையில் மூன்று வீட்டில் மூன்று மாதங்களில் இதைப் பார்க்கலாம்.

இனி கட்டிலின் கீழ் இடம். கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கக் குடியிருப்புகளில் கட்டில் என்பது தளபாடத்தில் ஒன்றாக இருக்காது, வீட்டின் பாதி அதுதான். பகலில் அதன் மேல் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும், விருந்தாளி உட்காருவார், அம்மா உடுப்பு மடிப்பார். கீழே அரிசி வாளி, பழைய சைக்கிள் டயர், கல்யாணச் சேலைப் பெட்டி, மண்ணெண்ணெய்க் கான். கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்துவது இரண்டு வேலை செய்யும். ஒன்று சாமான் இடம். மற்றது வெள்ளம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியபோது, முதலில் ஒரு கல், பிறகு இரண்டு கல், பிறகு கட்டில் மேல் மேசை, மேசை மேல் டீவி, அதன் பிறகுதான் வீட்டை விட்டுப் போனார்கள். தண்ணீர் வடிந்த கையோடு நாங்கள் பார்த்த வேலை ஊறி வீங்கிய மெத்தைகளை லொறியில் ஏற்றுவதுதான். தும்பு மெத்தை தண்ணீர் குடித்தால் நாலு பேர் வேண்டும்.

தோட்டத்திலிருந்து தெமட்டகொடை, முகத்துவாரம் மாடித் தொகுதிகளுக்குப் போனவர்கள் கொண்டு போன கட்டில் பல லிஃப்ட்டுக்குள் நுழையவில்லை. நட்டுக் கழற்ற முடியாத பழைய மரக் கட்டில்களை அடிவாரத்திலேயே விற்றுவிட்டு, மேலே போய் அடுக்குக் கட்டில் வாங்கினார்கள். எங்களுக்கு நல்ல வியாபாரம். சந்தோஷப்பட முடியாத வியாபாரம்.

2022ஐயும் ஒரு பேச்சுக்குச் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. காற்றாடி நின்ற அறையில் யார் படுப்பார்? மெத்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கும் பல்கனிக்கும் போனார்கள். அப்போதுதான் வயதானவர்கள் பிரம்புக் கட்டில் கேட்டுக் கடைக்கு வந்தார்கள், கொடுக்க எங்களிடம் இல்லை. ஏப்ரலில் காலிமுகத்திடலில் கூடாரங்கள் முளைத்தன. ஜூலை 9ஆம் திகதி கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். அன்று உலகம் முழுக்கப் போன படங்களில் ஒன்று, ஜனாதிபதியின் கட்டிலில் சாதாரண ஆட்கள் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் படுத்துக் கிடந்ததுதான். நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்தவர்களும் உண்டு. ஆனாலும் எல்லாருக்கும் ஏறிப் படுத்துப் பார்க்க ஆசை வந்தது கட்டிலில்.

சரி, உங்கள் தம்பிக்கு வருவோம். பார்க்கப் போகும்போது பகலில் போகாமல் இரவு எட்டு மணிக்குப் பிறகு போகச் சொல்லுங்கள். அறையில் உண்மையில் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரியும். மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் சட்டத்தின் மூலையையும் போன் டோர்ச்சால் பார்க்க வேண்டும். கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அடுக்குக் கட்டில் என்றால் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும். பற்றவைப்பு விட்டிருந்தால் கிரீச் என்று சொல்லும். மேல்தட்டில் காற்றாடி கிட்டவா என்று கையை உயர்த்திப் பார்க்க வேண்டும், இறக்கை தட்டித் தையல் போட்டவர்களை எனக்குத் தெரியும். கீழ்த்தட்டு கிடைத்தால் கீழ்த்தட்டுத்தான். பொருள் வைக்கலாம், காய்ச்சல் என்றால் ஏணி ஏறத் தேவையில்லை. பலகைச் சட்டங்களுக்கு இடையில் நாலு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஸ்பொஞ்ச் மெத்தை சீக்கிரம் குழி விழும். ஒரு பிளைவூட் பலகை போட்டுத் தரச் சொல்லலாம், நல்ல வீட்டுக்காரர் மறுக்கமாட்டார்.

கேட்க வேண்டிய கேள்வி மூன்று: பகலில் இந்தக் கட்டிலில் வேறு யாராவது படுக்கிறார்களா, கட்டிலுக்குக் கீழே இருக்கும் இடம் முழுக்க எனக்கா, முற்பணம் திரும்பி வருமா. மூன்றாவதற்கு எழுத்தில் ஒரு துண்டு வாங்க வேண்டும்.

அம்மா வடக்கே தலை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவா. அறையில் கதவு, யன்னல், காற்றாடி, பிளக் எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணிய திசையில்தான் கட்டில் இருக்கும், அதைத் திருப்ப மற்ற மூன்று பேரும் எழும்ப வேண்டும். வடக்காக இருந்தால் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுக்கச் சொல்லுங்கள். நுளம்பு வலை, ஒரு பூட்டு, இரண்டு விரிப்பு திருகோணமலையிலேயே வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். மெத்தையை இங்கே வாங்கலாம், அளவு 72க்கு 36ஆ 75க்கு 36ஆ என்று கட்டிலை அளந்த பிறகு.